ஆறு மாதப் பழக்கம்

கள்ளக்குறிச்சியில் எனக்கு வங்கிக் கணக்கு இல்லாதிருந்த நாட்களில் நான் வங்கியில் உட்கார்ந்திருந்த நேரம், பிறகு கணக்கு வைத்துக்கொண்டு இத்தனை வருடம் போய்வந்த நேரத்தைவிட அதிகம். எழுபதுகளின் பிற்பகுதி அது. இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் நானும் என் மனைவியும் இரண்டு பேர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசைகளில் நின்று முடித்து, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தோம். இரண்டு தகரப்பெட்டி. அவற்றைக் கட்டியிருந்தது என் மனைவி கொழுந்து பறித்த கூடையின் கயிறு. கூடையை விட்டுவிட்டு வந்தவள் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, இந்தியாவில் கயிறு என்ன விலையோ என்றாள்.

கள்ளக்குறிச்சி ஏன் என்றால், என் தாத்தா தனக்குத் தியாகதுருகத்துப் பக்கம் என்று சொன்னதை அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை அதிகாரியிடம் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். வந்த வாரமே தியாகதுருகம் போய்க் கோட்டை மலை அடிவாரத்தில் விசாரித்தேன். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் ஒரு வீட்டில் பேச்சு நின்றது. வீட்டுக்காரர் வெளியே வந்து, அப்படி ஒருவர் இந்தப் பக்கத்திலேயே இருந்ததில்லை என்றார். அவருக்கு என் தாத்தாவின் மூக்கு. அந்த மூக்கை நான் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிறவன். நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். சொந்த ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

எங்களைப் போன்றவர்களுக்குத் தொழில் தொடங்க மறுவாழ்வுக் கடன் உண்டு. நான் வாடகை சைக்கிள் கடை என்று எழுதிக் கொடுத்தேன். தேயிலை மலையில் சைக்கிளுக்கு வேலையில்லை. அதில் நான் ஏறியதே கிடையாது. கள்ளக்குறிச்சியின் தட்டையான தெருக்களைப் பார்த்ததும் அந்த யோசனை வந்தது. தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதியவன் நான், உருளுகிற பொருளோடு பழக்கமில்லை. என் மனைவி கேட்டுவிட்டு, "கடையில நான் உக்காந்துக்கிறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிங்க" என்றாள். பிற்பாடு அதுதான் நடந்தது. படித்துப் படித்துக் குறை கண்டுபிடித்து எழுதிப்போட்டு, நாளிதழ் ஒன்றுக்கு நிருபரானேன். ஆனால் அதற்கெல்லாம் முதலில் கடை வேண்டும். கடைக்குக் கடன் வேண்டும். கடன் காசோலையாக வரும், அதை வங்கிக் கணக்கில்தான் போட முடியும் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் கணக்கு எண்ணைக் கொடுக்காவிட்டால் எங்கள் கோப்பு கடலூருக்குத் திரும்பிப் போய்விடும். கடலூருக்குத் திரும்பிப் போன கோப்பு எப்போது வரும் என்று கேட்டேன். அந்த எழுத்தர் நல்லவர். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

வங்கி மேலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளைஞர். மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். மரியாதையாக உட்காரச் சொல்லி, படிவத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். இதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் என்னை அறிமுகம் செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மாதமாக இவரைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"சார், எனக்கு இந்த நாட்டையே இன்னும் ஆறு மாசமா தெரியாது."

"நாடு கையெழுத்துப் போட வேண்டாம் சார். ஒரு ஆள் போட்டா போதும்."

அந்த ஆள் சில நாட்கள் முந்தி வரை சுலபமாகக் கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வங்கிக்கு எதிர் டீக்கடையில் ஒருவர், ஒரு டீக்கும் ஒரு போண்டாவுக்கும் யாரை வேண்டுமானாலும் அறிமுகம் செய்து வந்தாராம். ஒரு நாள் காலையில், வெளியூரிலிருந்து கரும்பு வெட்ட முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் முழுவதையும் ஆறு மாதமாகத் தெரியும் என்று எழுதிவிட்டார். மேலாளர் அவர் கையெழுத்து இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டார். நான் போன நேரத்தில் அவர் டீக்குத் தானே காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதனால் நான் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களில் முகராசி உள்ளவர்களாகப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் பாய். கடைவீதியில் மலைச்சரக்குக் கடை வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், சீயக்காய், தேன் இறக்கி விற்கிற கடை. நடுவயது, கையில் எப்போதும் குடை. பணம் கட்டுகிற சீட்டைக்கூட மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் உள்ளே நீட்டுவார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் படிவத்தையும் அப்படித்தான் படித்தார்.

"ஆறு மாசமா தெரியும்னு போட்டுக்கீது. உங்கள எனக்கு இப்பதானே தெரியும்?"

எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், சும்மா ஒரு வழக்கம்தான் என்றேன்.

"எல்லாரும் போடறாங்க இல்ல? அவங்ககிட்ட போங்க" என்றார். கோபமில்லை. வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாள் கடைக்கே போனேன். அவர் என்னை விரட்டவில்லை. ஒருநாள் கடையை மூடும்போது, ஆளைத் தெரிந்துகொள்ளச் சீக்கிரமான வழி ஒன்று இருக்கிறது, தன்னோடு மலைக்கு வரமுடியுமா என்று கேட்டார். கடையில் பார்க்கிற ஆள் வேறு, மேட்டில் ஏறும்போது பார்க்கிற ஆள் வேறு என்பது அவர் அபிப்பிராயம்.

"வந்தா கையெழுத்து போடுவீங்களா பாய்?"

"வந்தா உங்கள தெரியும். கையெழுத்த பத்தி நான் இன்னும் பேசவே இல்லியே. ஒரு கயிறு எடுத்துக்கினு வாங்க."

என் மனைவி பெட்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். அந்தப் பாய் கூலி மிச்சம் பிடிக்கிறார் என்று எனக்குப் புரியாதது ஆச்சரியமாக இருக்கிறது என்றாள். எனக்குப் புரிந்துதான் இருந்தது.

வடக்கனந்தல் தாண்டி அடிவாரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தோம். தேயிலை மலையில் பிறந்தவனுக்கு இது ஒரு மலையா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். எங்கள் மலையில் குளிர் உண்டு, மழை உண்டு, இங்கே வெயில்தான் மலையேறுகிறது என்று சொல்லிக்கொண்டே கொஞ்ச தூரம் போனேன். பிறகு பேச மூச்சில்லை. பாய் குடையை விரித்து நிதானமாக முன்னால் போனார். நான் மரத்தடியில் நின்றபோதெல்லாம் அவரும் நின்று, திரும்பிப் பார்த்து, எதையோ மனதில் குறித்துக்கொண்டார்.

மேலே அவருக்குத் தெரியாதவர்கள் இல்லை. மலையில் ஜாகீர்தார்களின் அதிகாரம் ஒழிந்து, அரசாங்கம் என்பதே புதிதாக வந்து அறிமுகமாகிக்கொண்டிருந்த சமயம் அது. என்னைப் போலவே அதற்கும் அங்கே யாரையும் சரியாகத் தெரியாது. எந்த வாசலில் நின்றாலும் இந்த ஆள் யார் என்று பாயிடம் கேட்டார்கள். எந்த வாசலிலும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "சிலோன்ல இருந்து வந்தவருன்னு சொல்றாரு. எனக்கு போன வாரந்தான் தெரியும்." கூட வந்தவனை இப்படி அறிமுகம் செய்கிறாரே என்று எனக்கு மனத்தாங்கல். திருடன் என்று சொல்லவில்லை, திருடன் இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் தேன் குடத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

சரக்கெல்லாம் நிறுத்துக் கட்டியாயிற்று. அப்போது ஒரு தலைச்சுமை மிஞ்சியது. வரவேண்டிய சுமையாள் ஒருவர் வரவில்லை. ஒரு கூடை கடுக்காய் அப்படியே நின்றது. பாய் என்னைப் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குத்தான் கயிறு என்று புரிந்தது.

மலைக்காரர்கள் சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கிறவர்கள். எனக்குத் தலைச்சுமை பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே முறை. மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கூடையை நான்தான் எங்கள் லயத்து வீட்டுக்குத் தூக்கிவருவேன். துண்டை நாலாக மடித்து உச்சந்தலையில் வைத்தேன். கயிற்றைக் கூடையில் மாட்டி, வளையத்தைத் துண்டின் மேல் ஏற்றி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நிமிர்ந்தேன்.

தேன் விற்க வந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதில் ஒரு பெண், வயதானவள் இல்லை, வாய் மட்டும் வயதுக்கு மீறியது, என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆணா, பொண்ணா?" என்றாள்.

மலையில் குழந்தையைத்தான் முதுகில் கட்டுவார்கள். அதையும் பெண்கள்தான் கட்டுவார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் இறங்குகிற வழியில் எதிரே வந்த ஒவ்வொருவரும் நின்று பார்த்தார்கள். எங்களுக்கு முன்னால் யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அடிவாரத்தில் பஸ் நடத்துநரே எழுந்து நின்று, குழந்தைக்கு இடம் கொடுக்கும்படி ஓர் ஆளை எழுப்பிவிட்டார்.

பஸ் வடக்கனந்தல் வந்தபோது பாய் சொன்னார்: "ஒண்ணு தெரிஞ்சுகினேன். கழுத்து வலிச்சா சொல்ல மாட்டீங்க. அது நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியல."

அப்படியானால் கையெழுத்து?

"ஆறு மாசம் ஆவட்டும்."

கழுத்து வலியோடு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள். நான் பிழைப்புக்கு என்ன செய்வேன் என்று கவலையாக இருந்ததாகவும், இப்போது இல்லை என்றும், தோட்டத்தில் பெண்களுக்கு எப்போதும் வேலை உண்டு என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கப்பலில் வந்த கைக்காசு கரைந்து, அவள் காதில் இருந்தது ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருந்தது.

மறுநாளிலிருந்து மறுபடி பெஞ்ச். வேறு பலரைக் கேட்டேன். அந்த டீக்கடை ஆளின் கதைக்குப் பிறகு ஊரில் யாருக்கும் யாரையும் தெரியாமல் போயிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டு, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். காசாளர் பேனாவில் மை தீர்ந்தால் என்னைத்தான் பார்ப்பார். மேலாளர் சாப்பிடப் போகும்போது, யாராவது தேடினால் மெஸ்ஸில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் என் மனைவி, சம்பளம் எப்போது என்று கேட்க ஆரம்பித்தாள்.

மாதத்தின் கடைசி வாரம் வந்தது. கடைசி முயற்சியாகப் பாயின் கடைக்குப் போய், கோப்பு கடலூர் போகப்போகிறது என்று மட்டும் சொன்னேன். கெஞ்சவில்லை. அவர் தராசை நிறுத்தினார். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, நடங்க என்றார்.

மேலாளர் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்தவுடன் சிரிப்பை அடக்கப் பக்கத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தார். மெஸ்ஸில் நடத்துநர்களும் சாப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"முதுகுல கூடை மாட்டிட்டு வந்தது நீங்கதானாமே?" என்றார்.

பாய் உட்கார்ந்தார். தனக்கு இவரைத் தெரியும், ஆனால் ஆறு மாதமாகத் தெரியாது, இருக்கிறதை இருக்கிறபடி எழுதிக் கையெழுத்துப் போடத் தயார் என்றார். அப்படி எழுதினால் ஏற்க முடியாது, அந்த வரியை மாற்ற முடியாது என்றார் மேலாளர். கொஞ்ச நேரம் இருவரும் மரியாதையாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்கள். மேலாளருக்குத்தான் முதலில் பொறுமை போயிற்று.

"ஒரு வரி பாய். எழுதிட்டுப் போங்களேன்."

"எழுதறேங்க. பொய் எழுத சொல்லி பாங்கு மேனேஜரே சொன்னாருன்னு வெளிய கேட்டா சொல்லிக்கலாமா?"

மேலாளர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பாய் விடவில்லை. குரல் உயரவில்லை, புளி விலை விசாரிக்கிற மாதிரியே கேட்டார். இந்த ஆள் பாங்குக்கு எத்தனை மணிக்கு வருகிறார்? திறக்கும்போது என்று மேலாளர் சொன்னார். எப்போது போகிறார்? மூடும்போது. இடையில் டீ குடிக்கப் போவாரா? போவதில்லை, பாவம், என்றார் மேலாளர். அவர் கை எழுத்து எப்படி? எங்கள் எழுத்தரைவிடத் தெளிவு. காசாளர் பக்கம் கையை நீட்டினாரா எப்போதாவது? சேச்சே.

"அப்ப என்னவிட உங்களுக்குத்தான் ஜாஸ்தி தெரியுது. நான் ஒரு நாளு மலைக்கு இட்டுக்கினு போனேன். நீங்க டெய்லி பாக்கறீங்க. உங்களுக்கு இங்க கணக்கு கீதா?"

சம்பளக் கணக்கு இருக்கிறது என்றார் மேலாளர். சொல்லிவிட்டுப் பேச்சு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டார்.

"அத தொறக்கும்போது உங்கள யாருங்க தெரியும்னு சொன்னது?"

தனக்கு முன்னால் இருந்த மேலாளர்.

"அவருக்கு உங்கள எத்தன மாசமா தெரியும்?"

பொறுப்பை ஒப்படைத்த அன்றுதான் அந்த இருவரும் முதல் முதலாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பது மேலாளர் முகத்தில் எழுதியிருந்தது. ஊழியர்களுக்கு விதி வேறு என்று அவர் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தினார். எழுந்து அலமாரியைத் திறந்து, அட்டை கிழிந்த விதிப் புத்தகத்தை எடுத்து, நின்றபடியே படித்தார். ஆறு மாதம் என்பது வாடிக்கையாளர் அறிமுகம் செய்தால்தான். மேலாளர் தாமே விசாரித்துத் திருப்தி அடைந்தால் அவர் கையெழுத்தே போதும். அந்த வரியை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். திருப்தி அடைகிறாரா என்று நானும் அவரைப் பார்த்தேன். மறுபடியும் அந்தக் கூடை அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அன்று மாலையே கணக்கு எண்ணைத் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். கோப்பு கடலூர் போகவில்லை. கடன் வந்து, கடை வைத்து, முதலில் அடகுக் கடைக்குப் போய் என் மனைவியின் காதுக்கு உரியதைத் திருப்பினோம். அவள் வாசலில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்தேன்.

பல மாதம் கழித்து ஒரு நாள் வங்கியில் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். பாய் உள்ளே வந்தார். தன் வேலையைப் பார்க்காமல் நேராக மேலாளர் அறைக்குப் போய், என் படிவத்தை எடுக்கச் சொன்னார். மேலாளருக்குப் புரியவில்லை. அந்தக் கணக்குத்தான் எப்போதோ திறந்தாயிற்றே என்றார்.

"அது உங்க கையெழுத்து. நான் ஆறு மாசம் ஆவட்டும்னு சொன்னேன். நேத்தோட ஆச்சு."

தேவையில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார் மேலாளர். பாய் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த அறைக்கு ஏற்கெனவே தெரியும். கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணாடியை மாட்டி மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தார். காலியாக இருந்த வரியில், இவரை எனக்கு ஆறு மாதமாகத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் கிளையிலேயே இரண்டு பேர் அறிமுகம் செய்த ஒரே ஆள் நான்தான் என்று மேலாளர் பிறகு சொன்னார். பெருமையாகச் சொன்னாரா அலுப்பாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பாய் எங்கள் கடைக்கு வந்தார். அதுவரை அவர் வாடிக்கையாளராக வந்ததில்லை. குடையை மடித்து, ஒரு சைக்கிள் வேண்டும் என்றார். நான் பேப்பரை வைத்துவிட்டு எழுந்தேன். இருப்பதில் நல்ல சைக்கிளாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வரப் போனேன். வாடகை சைக்கிள் கடைகளின் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தெரிந்த ஆளுக்குத்தான் சைக்கிள், தெரியாத ஆள் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். இவரிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா?

என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"உங்களைத் தெரியும் பாய். நீங்க சைக்கிள் ஓட்டி நாங்க பாத்ததில்லையே" என்றாள்.

பாய் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, படிவத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட.

"எனக்கு ஓட்ட தெரியாதும்மா" என்றார். "கேக்கறீங்களான்னு பாத்தேன்."

குடையை விரித்துக்கொண்டு நடந்து போனார்.